ரெட்டை மடக்கு

கேட்குதா தம்பி? உள்ளே, சரக் சரக்கென்று. புதிதாக வருகிறவர்கள் எலி என்பார்கள். எலி இல்லை. கத்தரி. என் வீட்டுக்காரி பீடி இலை வெட்டுகிறாள். இந்தத் தெருவுக்குள் நுழைந்தால் ஒரு முகத்தைப் பார்க்கும் முன்னால் இந்தச் சத்தத்தைத்தான் கேட்கணும். வீட்டுக்கு வீடு இதுதான். உட்காருங்க. வெயிலில் வந்திருக்கீங்க, அந்தக் காகிதத்தை எல்லாம் இப்படி வையுங்க.

வீட்டில் எத்தனை ஓட்டு என்று கேட்டீங்க. ரெண்டு. நான் குத்தாலம், அவள் ஆவுடைத்தங்கம். எழுதிக்கோங்க. எதிர் வீடு பூட்டிக் கிடக்கே, லிஸ்டில் செண்பகவடிவு என்று பேர் இருக்கே, ஆள் இருக்காளா, பேரை அடித்துவிடலாமா என்றும் கேட்டீங்க. அதற்குத்தான் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. தெருவில் வேறு யாரிடமாவது கேட்டிருந்தால் குத்தாலத்தைப் போய்க் கேளு என்று முகத்தைத் திருப்பியிருப்பார்கள். அவள் போனதற்கு நான்தான் காரணமாம். அப்படித்தான் பேச்சு. நீங்க வெளியூர், உங்களிடம் சொன்னால் ஒரு நியாயம் கிடைக்கும்.

தொண்ணூற்றாறில் நடந்தது. நம்ம ஊர் மாநகராட்சி ஆன பிறகு வந்த முதல் தேர்தல். மேயருக்கு ஒரு சீட்டு, கவுன்சிலருக்கு ஒரு சீட்டு, ரெண்டு ஓட்டு. அதுவரைக்கும் நம்ம ஆட்கள் மேயர் என்ற வார்த்தையைப் பேப்பரில் படித்ததோடு சரி. அந்தத் தடவைதான் நம்ம வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கினார்கள். தளவாய் முதலாளிக்கு ரொம்ப நாளாகக் கவுன்சிலர் ஆசை. பீடிக் கடை முதலாளி அவர். இந்தத் தெருவுக்கே இலையும் புகையிலைத் தூளும் எடை போட்டுக் கொடுக்கிறவர். பெண்கள் வார்டு என்றதும் கொஞ்சம் முகம் வாடினார், அப்புறம் சம்சாரத்தை நிறுத்தினார். வள்ளிமயில் அம்மா. நல்ல பொம்பளை. தெருப் பக்கம் வந்ததே கிடையாது. பெரிய கட்சிச் சீட்டு, மேயர் வேட்பாளரோடு ஒரே ஜீப்பில் நின்று கும்பிட்டுக்கொண்டு போனாங்க. ஜெயித்த மாதிரிதான் என்று எல்லாரும் நினைத்தோம்.

நான் அந்தக் கடையில் செக்கர். பெண்கள் சாயங்காலம் சுளகில் பீடியைக் கொண்டுவந்து முன்னால் வைப்பார்கள். நான் கட்டுக் கட்டாகத் தடவிப் பார்த்து, தொளதொளப்பு, வாய் பிரிந்தது, இலை கிழிந்தது எல்லாவற்றையும் பொறுக்கிக் கழிவில் போடுவேன். கழிவில் போனது அவர்களுக்குக் கணக்கில் வராது. அதனால் என்னைக் கண்டால் கொஞ்சம் பயம். மரியாதை என்று வைத்துக்கோங்களேன். வருசக் கணக்காக அதே வேலை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பீடியை விரலில் உருட்டினால் போதும், யார் கை என்று சொல்லிவிடுவேன். செண்பகத்தின் பீடி இடுப்பில் கொஞ்சம் தளர்ந்திருக்கும். பேச்சி சுருட்டினால் கல்லு. என் வீட்டுக்காரிக்கு ரெட்டை மடக்கு. வாயை உள்ளே ஒரு தரம் மடக்கி, நகத்தால் இன்னொரு தரம் குத்தி விடுவாள். பிரியவே பிரியாது. முதலாளியே ஒரு நாள் கையில் எடுத்துப் பார்த்து, என்னவே குத்தாலம், இது பீடியா பூட்டா என்றார்.

எதிர்த்து யார் நின்றது என்கிறீங்களா? பிரமு. பிரமநாயகி. கடைசி வீடு. அவளும் நம்ம கடைக்குப் பீடி சுற்றுகிறவள்தான். படிப்பு ஒன்றும் பெரிசாகக் கிடையாது. வாய் உண்டு. கழிவைக் கண்டபடி தள்ளுகிறார்கள், தூள் எடை குறைகிறது என்று கடை வாசலிலேயே நின்று கேட்பாள். நம்ம உப்பைத் தின்றுகொண்டு நம்மையே கேட்கிறாளே என்று முதலாளிக்கு வருத்தம். அவள் சுயேச்சையாக நின்றாள். சின்னம் என்ன கிடைத்தது தெரியுமா? கத்தரிக்கோல். கேட்டு வாங்கினாளோ, குலுக்கலில் விழுந்ததோ. பெண்களுக்கு அன்றைக்கு வந்த சிரிப்பைப் பார்க்கணும்.

அவளுக்கு மைக் இல்லை, ஜீப் இல்லை. ஒரு துண்டு நோட்டீஸ் கிடையாது. தெருவில் நடந்து வருவாள், அவ்வளவுதான். அவள் முக்குத் திரும்பும்போதே முதல் வீட்டில் வெறும் கத்தரியைத் தூக்கி வெட்டுவார்கள். அதைக் கேட்டு அடுத்த வீடு. அப்புறம் அதற்கு அடுத்தது. இலையும் கிடையாது ஒன்றும் கிடையாது, காற்றை வெட்டுகிற சத்தம் அவளுக்கு முன்னால் தெரு நீளத்துக்கு ஓடும். முதலில் சத்தம் வரும். ஆள் பின்னால் வருவாள். முதலாளி ஒரு தடவை காரில் உட்கார்ந்து அதைக் கேட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, குத்தாலம், கழிவைக் கொஞ்சம் கவனமாகப் பாரும் என்றார். பார்த்தேன். தரம் பார்க்கிறதுதானே என் வேலை? அந்த மாசம் கழிவு கொஞ்சம் கூடத்தான் விழுந்தது. தேர்தல் கிறக்கத்தில் அவர்கள் ஏனோதானோ என்று சுற்றினால் நான் என்ன செய்ய?

என் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. அவளும் பிரமுவும் ஒரு வயசு, ஒன்றாக இலை நனைத்தவர்கள். இருந்தாலும் நான் விளக்கேற்றிய நேரத்தில் கூப்பிட்டு, கையைப் பிடித்து, நாம் யார் சோறு தின்கிறோம், யோசித்துப் பாரு, வள்ளிமயில் அம்மாவுக்குத்தான் போடணும் என்றேன். சரி என்றாள். அவள் எதற்கும் சரிதான் சொல்வாள். பெண்கள் சொல்கிறதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியுமா? கத்தரி மட்டும் அவளும் வெட்டினாள், அது எனக்குத் தெரியும். கேட்டால் இலை வெட்டினேன் என்பாள்.

இல்லை தம்பி, அவளுக்குக் கேட்காது. கத்தரி ஓடுகிறபோது அவள் காதில் ஒன்றும் விழாது. நீங்க தைரியமாகக் கேளுங்க.

ஓட்டுப் போடுகிற அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் வரிசை தெரு முக்கு வரைக்கும் நின்றது. நான் வள்ளிமயில் அம்மாவுக்கு ஏஜெண்டு, உள்ளே பெஞ்சில் இருக்கிறேன். சீட்டு கொடுக்கிற வாத்தியார் ஒவ்வொருத்தியிடமும் சொன்னார், முத்திரையைக் குத்தி இறுக்கமாக மடித்துப் போடும்மா, யாருக்குப் போட்டேன்னு வெளியே தெரியக் கூடாது என்று. அவர் சொன்னது தப்பே இல்லை. ஆனால் எங்கள் பெண்களிடம் இறுக்கமாக என்று சொன்னால் கை என்ன செய்யும்? விவரம் தெரிந்த நாளிலிருந்து அது ஒரு வேலைதான் செய்திருக்கு. மறைப்புக்குள்ளே போனார்கள், முத்திரை குத்தினார்கள், ரெண்டு சீட்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தொடையில் உருட்டிவிட்டார்கள். சுருட்டி, வாயை மடக்கி, பெட்டியின் ஓட்டை சின்னதாக இருக்கே என்று கட்டை விரலால் ஒரு அமுக்கு. உள்ளே போட்டாச்சு. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பெட்டிப் பக்கம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

எண்ணுகிற அன்றைக்குத்தான் தெரிந்தது. காலேஜ் கூடத்தில் பட்டப்பகலில் பெட்டியைக் கவிழ்த்தார்கள். மற்ற வார்டு மேசையில் எல்லாம் மடித்த காகிதம். நம்ம மேசையில் பாதிக்கு மேலே பீடி. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தன் தீப்பெட்டி இருக்கா அண்ணாச்சி என்றான்.

மேயர் ஓட்டில் தகராறு இல்லை. அங்கே வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும், ஒரு வார்டுச் சீட்டை யார் பார்க்கப் போகிறார்கள்? கவுன்சிலர் ஓட்டுத்தான் இழுபறி. மடித்த ஓட்டில் வள்ளிமயில் அம்மா கொஞ்சம் முந்தி. சுருட்டினதைப் பிரித்தால் கத்தரி, கத்தரி, கத்தரி. முதலாளி சன்னல் பக்கம் நாற்காலியில் இருக்கிறார், கைக்குட்டை நனைந்துவிட்டது. கட்சி வக்கீல் என் காதில் வந்து சொன்னார், போட்டவர் யாரென்று அடையாளம் தெரிகிற மாதிரி இருந்தால் அந்த ஓட்டு செல்லாது, சட்டத்தில் இருக்கு, நீர் செக்கர்தானே, எழுந்து சொல்லும் என்று.

எழுந்து சொன்னேன். ஏஜெண்டு என்றால் சொல்லணும் இல்லையா? சார், இந்தச் சுருட்டு எல்லாம் ஆள் அடையாளம், செல்லாது என்றேன்.

அந்த ஆபீசர் தாலுகா ஆபீஸ்காரர், பாவம், ரெண்டு நாளாகத் தூங்காத மனுசன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சுருட்டுல என்னய்யா அடையாளம், எல்லாம் ஒரே மாதிரி இருக்கு என்றார். எனக்குச் சுருக்கென்றது. அத்தனை வருசம் பார்த்த வேலையை ஒரே மாதிரி என்றால்? எனக்குத் தெரியும் சார், எடுங்க, சொல்கிறேன் என்றேன்.

அவர் பிரிக்காத சுருட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். விரலில் உருட்டினேன். இடுப்பு தளர்ந்திருந்தது. செண்பகவடிவு என்றேன். பிரித்தார், கத்தரி. அடுத்தது, பேச்சி. கத்தரி. அதற்கடுத்தது, பூலம்மா. கத்தரி. சிரித்துக்கொண்டிருந்தவன் எல்லாம் பக்கத்தில் வந்து நிற்கிறான். முதலாளியும் எழுந்து வந்துவிட்டார். தம்பி, என் ஆயுசிலே என்னை அவ்வளவு பேர் கவனித்துப் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அப்போது பிரமு வந்தாள். வேட்பாளர் இல்லையா, உள்ளேதான் நின்றாள். ஆபீசரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சுருட்டுனது பூராவும் செல்லாதுன்னே எழுதிக்குங்க சார். நான் தோத்துட்டுப் போறேன். அண்ணாச்சி பேரு சொல்ல வேண்டாம். கடைக்காரவுக கேட்டுக்கிட்டு நிக்காக."

பார்த்தீங்களா? நான் சொன்னது அவ்வளவும் சரி என்று அவளே ஒப்புக்கொண்ட மாதிரிதானே? இல்லாவிட்டால் ஏன் கும்பிடணும்?

ஆபீசர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நீ சொல்லி நான் எழுத முடியாதும்மா, கடைசியா ஒண்ணு, அதையும் சொல்லிட்டாருன்னா முடிவு பண்ணிடுறேன் என்று குவியலுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

ரெட்டை மடக்கு.

உள்ளே ஒரு மடக்கு, மேலே நகத்தால் ஒரு குத்து. பிரிக்க வேண்டியதே இல்லை. நான் தலையை நிமிர்த்தவில்லை. முதலாளி மூச்சு என் தோளில் படுகிறது. சொன்னால் ஜெயித்தோம். சொன்னால், குத்தாலம் பெண்டாட்டியே குத்தாலம் பேச்சைக் கேட்கவில்லை என்று ஊர் சிரிக்கும். என்னைப் பற்றி நான் யோசிக்கவில்லை. அவளைத்தான் யோசித்தேன். முதலாளி அவளை என்ன செய்வார்? அதைத்தான் யோசித்தேன். அப்படித்தான் ஞாபகம்.

"தெரியலை சார்" என்றேன்.

"தெரியலைன்னா அடையாளம் இல்லைன்னு அர்த்தம். உக்காருங்க" என்றார் அவர். அவ்வளவும் செல்லும் என்று எழுதினார். பிரித்த கட்டு எல்லாம் பிரமு பக்கம் போனது. கொஞ்ச ஓட்டில் ஜெயித்துவிட்டாள். வாசலில் நின்ற பெண்கள் கத்தரியைத் தூக்கினார்கள், அந்தச் சத்தம் கூடத்துக்குள் வந்தபோது முதலாளி என்னைப் பார்க்கவே இல்லை. படியிறங்கிப் போகிறபோது சொன்னார், கடைசி ஒண்ணை ஏன்வே விட்டீரு, நாளையிலேருந்து வர வேண்டாம் என்று.

நியாயம் கேட்கிறேன் தம்பி. பிரமு ஜெயித்தது யாரால்? நான் வாயைத் திறந்திருந்தால் அவள் கவுன்சிலரா? வேலை போனது எனக்கு. மறுநாள் அவளுக்கு மாலை போட்டுத் தெருவில் கூட்டிவந்தார்கள். என் வாசல் வந்ததும் கத்தரிச் சத்தம் நின்றுபோனது. என் வாசலைத் தாண்டினதும் மறுபடி ஆரம்பித்தது. அந்த அஞ்சு வருசத்தில் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது, விளக்கு வந்தது, எல்லாம் சரி. எங்கள் வீட்டுக்கு முன்னாலும் ஒரு விளக்கு போட்டிருக்காள். ஒரு வார்த்தை, அண்ணாச்சி உங்களாலதான் என்று ஒரு வார்த்தை கிடையாது.

செண்பகமா? அதைத்தான் சொல்ல வருகிறேன். நான் பேர் சொன்ன பெண்களுக்கு எல்லாம் முதலாளி இலையை நிறுத்தினார். நானா நிறுத்தினேன்? நான்தான் கடையிலேயே இல்லையே. பேரைக் கேட்டது ஆபீசர், நிறுத்தினது முதலாளி, நடுவில் நான் என்ன செய்தேன்? பிரமு கடை வாசலில் உட்கார்ந்து பார்த்தாள், மனு கொடுத்துப் பார்த்தாள். பேச்சிக்கும் பூலம்மாவுக்கும் பக்கத்துத் தெருக் கடையில் இலை வாங்கிக் கொடுத்தாள். செண்பகத்துக்குக் கிடைக்கவில்லை. புருசன் இல்லாதவள், மூச்சு இளைப்பு வேறு. புதுக் கடைக்காரன் அவள் சுருட்டினதைப் பார்த்துவிட்டு இடுப்பு தளர்ந்திருக்கு, வேண்டாம் என்றுவிட்டான். மகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போனாள். போகிற அன்றைக்கு இந்த வாசலில் நின்று என் வீட்டுக்காரியிடம் சாவியைக் கொடுத்தாள். என்னைப் பார்த்து, வாறேன் அண்ணாச்சி என்றுதான் சொன்னாள். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் தெருக்காரர்களுக்கு என்ன?

என் வீட்டுக்காரியிடம் நான் இன்றுவரைக்கும் சொன்னதில்லை. உன் மடக்கைக் கண்டுபிடித்தேன், உனக்காக வாயை மூடினேன், உனக்காக வேலையை விட்டேன் என்று ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளாகப் புரிந்துகொள்ளட்டும் என்று இருக்கிறேன். விளக்கு முன்னால் சரி என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்குப் போட்டாளே, அதைக்கூட நான் கேட்கவில்லை. மன்னித்துவிட்டேன். என்னை மாதிரி ஒரு...

என்ன தம்பி உள்ளே பார்க்கிறீங்க? ஆமாம். சத்தம் நின்றுபோச்சு. இலை தீர்ந்திருக்கும்.

வா. இந்தத் தம்பி ஓட்டு லிஸ்டு சரி பார்க்க வந்திருக்கு. ரெண்டு ஓட்டு என்று சொல்லிவிட்டேன். ஏன் சுளகோடு வந்து நிற்கிறே?

"அது என்னுது இல்ல."

எது?

"கடைசியா கையில வச்சுக்கிட்டு, தெரியலைன்னு சொன்னீங்களே. அது. நான் சுருட்டல. வாத்தியார் சொன்னாப்ல நாலா மடிச்சுத்தான் போட்டேன். முதலாளியம்மாவுக்குத்தான் போட்டேன். விளக்கு முன்னால சரின்னேன்ல."

நீ சும்மா இரு. ரெட்டை மடக்கு இந்தத் தெருவில் யாருக்கு...

"பாதிப் பேருக்கு. இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு நான்தான் கத்துக் குடுத்தேன். செண்பகத்துக்கும் நான்தான். கடையில சுளகுக்குப் பின்னால சுத்துன ஆளும்ல நிக்கும். யாரு பீடின்னு யாருக்குத்தான் தெரியாது? ஓட்டு எண்ணுன இடத்துல ஆளு நிக்கல. நீங்க முதல்ல சொன்னது செண்பகத்துதா, கடைசியா வச்சிருந்தது செண்பகத்துதா, யாரு கண்டா?"

தம்பி, அவளுக்கு வயசாச்சு. ஞாபகம் தடுமாறுது. நீங்க எழுதுறதை எழுதுங்க. இடுப்பு தளர்ந்திருந்தது, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. காகிதம் என்றால் இலை மாதிரி பிடிக்காது, அதனாலே கொஞ்சம்... காகிதத்தில் எல்லாமே கொஞ்சம் தளரத்தான் செய்யும். அதைச் சொல்கிறேன். பேச்சி கல்லு மாதிரி. அது பேச்சிதான். பிரமு கும்பிட்டாளே, அது பொய்யா? நீங்களே சொல்லுங்க. நீங்க படித்தவங்க.

என்ன, காகிதத்தை எடுத்து அடுக்குறீங்க.

"தம்பி, எதிர் வீட்டுப் பேரை அடிச்சிராதீங்க. சாவி எங்கிட்டதான் இருக்கு. தீவாளிக்கு வாறேன்னா."

ஒவ்வொரு தீபாவளிக்கும் இவள் இதைத்தான் சொல்கிறாள் தம்பி. நீங்க அடிக்கிறதானால் அடிங்க. இல்லை, வேண்டாம். அப்படியே இருக்கட்டும். பென்சிலாலே எழுதியிருக்கீங்க இல்லையா, அப்படியே இருக்கட்டும்.

ஏட்டி, அவள் போகிறபோது என்னைப் பற்றி உன்னிடம் ஏதாவது சொன்னாளா?

இவள் இப்படித்தான். சுளகைத் திண்டில் வைத்துவிட்டு நிற்கிறாள் பாருங்க. அது எனக்குத்தான். சாயங்கால இலைக்குத் தண்ணீர் தெளித்துச் சாக்கில் சுற்றி வைக்கணும். இல்லாவிட்டால் வெட்டுகிறபோது உடையும். வேலை போனதிலிருந்து அது என் பாடு. ரொம்பத் தெளித்தாலும் அழுகிப்போகும், உள்ளங்கையில் எடுத்து இப்படி உதறணும்.

நீங்க போய்ட்டு வாங்க தம்பி. அடுத்த வீட்டில் நாலு ஓட்டு. நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

அந்தச் சொம்பை இப்படி நகர்த்து. சாக்கு எங்கே? ம்.

கேட்குதா, கத்தரி ஆரம்பிச்சிட்டா.